கழற்றித் தராத நெற்றிப்பட்டை

"மார்ச் 4. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நினைப்பெல்லாம் கம்பெனியில் டி-ஷர்ட் காலர் தைப்பதிலேயே இருந்தது."

நேற்று நாட்குறிப்பில் எழுதியதை மகிழ்நிலா மறுபடியும் படித்தாள். இன்று பனியன் கம்பெனியில், தைத்துக்கொண்டே மகனின் காய்ச்சலை நினைத்ததை, எண்ணங்களைப் படிக்கும் நெற்றிப்பட்டை காட்டிக்கொடுக்க, அவளுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. நேராக சூப்பர்வைசர் காளியப்பனிடம் போய் நின்றிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, இங்க ஊட்ட நெனச்சா சம்பளத்தப் புடிக்கறீங்க. ஊட்ல காலர நெனச்சா ஓவர்டைம் தருவீங்களா?"

"அத யாரு அம்மிணி கண்டா? பட்டையத்தான் ஊட்டுக்குப் போறப்ப கேட்டுலயே கழட்டி வாங்கிக்கறமே!" என்று அவர் சிரித்தார்.

கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி என்று மாலை வகுப்பில் படித்த தொழிலாளர் சட்டம் சரியாகப் புரிந்ததா என்ற சந்தேகம் அவளுக்குப் போகவில்லை. ஆனாலும் எழுதினாள்:

"நாளை கம்பெனி கேட்டில் பட்டையைக் கழற்றித் தரக் கூடாது. அதைக் கட்டியபடியேதான் வீட்டில் ரசம் வைக்க வேண்டும்."