டிரைவர் சீட்

கார் ராலியில் ஜெயித்த தன் பழைய மினி காரை ஆராவமுதன் ரிட்டையரான பிறகு புதுப்பித்தார். அந்த ராலியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவள் அவர் மனைவி பாகீரதி. "ஒரு தடவை நான் ஓட்டறேனே" என்று சாகும்வரை கேட்டாள். அவர் கொடுக்கவேயில்லை.

பட்டறையிலிருந்து கார் வந்த நாள்முதல், தினமும் காலையில் டிரைவர் சீட் முன்னால் நகர்ந்திருந்தது. அவருக்கு முழங்கால் இடித்தது.

பெங்களூர் தொம்மலூரில் இருந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "சீட் லாக் சரியாத்தான் இருக்கு சார். குள்ளமா இருக்கறவங்க யாராவது ஓட்டறாங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. சாவியைப் பொருத்திவிட்டு, சுற்றிவந்து இடதுபக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

மாலையில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஸ்ரீரஞ்சனி கேட்டாள்: "அங்கிள், அத்திபெலே டோல்கேட்ல உங்க காரைப் பார்த்தோம். ஆன்ட்டி நல்லாத்தானே ஓட்டினாங்க, நீங்க ஏன் அழுதுட்டிருந்தீங்க?"