நிறைய வேண்டிய லாரி

"துறைமுகத்துக்கு லாரி எப்பங்க போவுது, கிராணி ஐயா?"

கேட்டவள் பஞ்சாலை என்ற தோட்டத்துப் பெண். அவள் இடுப்பில் ஒரு துணிமூட்டை இருந்தது.

லாரியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்திக்கு முகம் மலர்ந்துவிடும்.

"வெள்ளிக்கெழமதாம்மா. முன்ன சின்ன லாரி தெனம் ஓடுச்சு, பாதி எடம் காலியா. இப்பப் பெரிய லாரி. வாரம் பூரா சேத்து, நெறஞ்ச பெறகு ஒரே நடை."

ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் மைக்கல்ராஜ் சிரித்தான். "கிராணி பள்ளிக்கூடத்தத் தொறந்துட்டாரு லா!"

கணேசமூர்த்தி அதைப் பொருட்படுத்தவில்லை. லாரி சிறியதோ பெரியதோ, டிரைவர் ஒருவன்தான். துப்பாக்கியோடு கூட வரும் போலீசும் அதே ஆட்கள்தான். சுமை கூடக்கூடச் செலவு குறையும். காட்டுப்பாதையில் நடை குறைந்தால் காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் மாட்டுவதும் குறையும். வெள்ளைக்காரத் துரையிடம் இதைச் சொல்லி மாற்றியவரே அவர்தான். அதன் பிறகு லாரியில் ஒரு குண்டும் படவில்லை.

காட்டுக்காரர்கள் பஸ்ஸைக் கொளுத்திய நாளிலிருந்து தோட்டத்து ஜனங்கள் அந்தச் சின்ன லாரியின் காலி இடத்தில்தான் வெளியே போய்வந்தார்கள். அதை மட்டும் அவர் துரையிடம் சொல்லவில்லை. அவருக்கே அது தோன்றவில்லை.

பஞ்சாலை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வியாழக்கெழம கப்பலுங்க. எங்க வீட்டுக்காரர இந்தியாவுக்கு அனுப்புறாங்க."

அவள் கணவன் மாயாண்டி, காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று தடுப்பு முகாமில் இருந்தான்.

கணேசமூர்த்தி லாரியைப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை. நிறைந்தாலும் வெள்ளிக்கிழமைதான் போலீஸ் வரும். போலீஸ் வராமல் தோட்டத்து கேட் திறக்காது. அந்தக் கிழமையைப் போலீசோடு பேசி முடிவு செய்தவரும் அவர்தான்.

"ஒரு தடவ மொகத்தப் பாத்து இந்தத் துணியக் குடுத்துட்டா போதுங்க."



லாரியைப் பார்த்துச் சற்று யோசித்தவளின் கண்ணில் திடீரென்று தெளிவு வந்தது.

"கப்பலு இதவிட எம்மாம் பெருசு! அப்ப அதுவும் நெறையிறவரைக்கும் நிக்கும்ல, ஐயா?"

கப்பல்கள் குறித்த நாளில் புறப்பட்டுவிடும் என்பது கணேசமூர்த்திக்கு நன்றாகத் தெரியும்.

"நிக்கும்மா," என்றார்.

பஞ்சாலை மூட்டையை ஓரமாக வைத்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றி, ஒரு கட்டு ஷீட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி வேகமாக நடந்தாள்.