கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

"கள்ளன் மாட்டிக்கிட்டான் சார்!"

பிளஸ்ஸி கத்தின கத்தில் அனில்குமார் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

நாகர்கோவிலில் அந்த சாப்ட்வேர் கம்பெனிக்கு ஆள் எடுப்பது இவர்கள் இரண்டு பேர் பொறுப்பு. இப்போது பாதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்கிறது. வேலை தேடுகிறவர்கள் வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் போதும். அதுவே கேள்வி கேட்கும், அதுவே மார்க் போடும். குரல் வேறு பெண்குரல். பேசுவது ஒரு பொண்ணுதான் என்று சத்தியமே பண்ணலாம், அப்படி இருக்கும்.

"யாரு அவன், பிள்ளே?"

"கருங்கல் ஊர்க்காரன் சார், ஜெபிஷ்னு பேரு. மெஷின் சிவப்புக் குறி போட்டிருக்கு சார். 'அறையில் இரண்டாவது குரல். பதில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.' நீங்களே பாருங்க."

வீடியோவில் மெஷின் கேள்வி கேட்டது. ஜெபிஷ் யோசித்தான். அந்த நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். உடனே ஜெபிஷ் பளிச்சென்று பதில் சொன்னான். அடுத்த கேள்வி. மறுபடியும் முணுமுணுப்பு. மறுபடியும் பளிச். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. விளங்கி என்ன ஆகப்போகிறது, ஆள்தான் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டானே!

"பதிலெல்லாம் எப்படி?"

"அதான் சார் எரிச்சல். இதுவரை இவ்வளவு நல்லா ஒருத்தரும் சொல்லல."

அனில்குமார் சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அப்படின்னா இந்தப் பயலை விடு. சொல்லிக் கொடுத்த ஆளை வரச் சொல்லு. வேலையை அந்த ஆளுக்கே கொடுத்திருவோம்."

அவர் என்னவோ விளையாட்டுக்குத்தான் சொன்னார். பிளஸ்ஸி விடுவாளா? போனை எடுத்துவிட்டாள்.

"ஜெபிஷா? நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. இன்டர்வியூ அன்னைக்கு உங்க வீட்டுல ஒரு குரல் கேட்டுதே, அவங்களும் கூட வரணும்."

அந்தப் பக்கம் ஜெபிஷ் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம்... அது கேட்டுட்டுதா?"

"நல்லாவே கேட்டுது!"

"மேடம், அதுக்காக என்னைத் தள்ளிராதீங்க. ஒரு வருஷமா எந்த மெஷினும் என்னைக் கடைசி வரைக்கும் பேச விட்டதில்ல. இந்த ஒரு வேலையைத்தான் நம்பியிருக்கேன்."

"நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று போனை வைத்தாள். என்ன நடிப்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஜெபிஷ் வந்தான். அவன் பின்னாலேயே, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா.

"இவங்கதான் மேடம் அது. எங்க அம்மா, ராகேல்."

பிளஸ்ஸி மேலும் கீழும் பார்த்தாள். பார்த்தால் சாப்ட்வேர் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லையே! சரி, வேறு எவனாவது போனில் சொல்லச் சொல்ல இந்த அம்மா திருப்பிச் சொல்லியிருக்கும். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தக் காலத்தில் வழிக்கா பஞ்சம்?

அந்த அம்மாவை வெளியே உட்கார வைத்தாள். ஜெபிஷின் போனை வாங்கி மேஜையில் கவிழ்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"இப்போ சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னான். அனில்குமார் கேட்டதற்கும் சொன்னான், பிளஸ்ஸி மடக்கினதற்கும் சொன்னான். மெஷின் கேட்காததையெல்லாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். முதலில் நடுங்கின குரல் போகப் போகத் தெளிந்தது. கடைசியில் எழுந்துபோய் போர்டில் படம் போட்டே விளக்கிவிட்டான். அடேயப்பா, என்ன ஒரு தெளிவு!

அனில்குமார் எழுந்து கையை நீட்டினார். "தம்பி, திங்கட்கிழமை வந்து சேர்ந்திரு."

ஜெபிஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஜெயிச்சிட்டேன் சார்!" என்று சின்னப் பிள்ளை போலச் சொன்னான். "ஏன் வேண்டாம்னு கேக்கக்கூட எங்கேயும் ஒரு ஆள் கிடையாது சார். மனுஷங்க கேட்டு நான் பதில் சொன்னது இதான் முதல் தடவை."

பிளஸ்ஸிக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. "அப்போ உங்க அம்மா முணுமுணுத்தது என்ன?"

"ஜெபம் மேடம். எனக்கு என்ன பரீட்சைன்னாலும் கதவுக்குப் பின்னால நின்னு ஜெபம் பண்ணுவாங்க. இன்னைக்கு ஒரு நாள் சத்தம் காட்டாதீங்கன்னு கெஞ்சினேன். கேட்டாத்தானே!"

பிளஸ்ஸிக்கு வெட்கமாகப் போயிற்று. இவள் பரீட்சைக்கு இவள் அம்மாவும் இப்படி நின்றவள்தானே! அந்த முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"அம்மா, உங்க மகனுக்கு வேலை கிடைச்சாச்சு. அவருக்காக நீங்க பண்ணின ஜெபம் வீண்போகல."

"ஸ்தோத்திரம்!" என்று ராகேல் இரண்டு கையையும் தூக்கினாள். மகனை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எனக்க மவனுக்கு நான் விடியக்காலமே ஜெபிச்சு முடிச்சாச்சு மக்கா. கதவுக்குப் பின்னால நின்னு ஜெபிச்சது கேள்வி கேட்ட அந்தப் பொம்பளப் பிள்ளைக்காக்கும். ஒரு வாய் வெள்ளம் குடிக்காம எத்தனை பேர்கிட்ட பேசுதோ, பாவம்! தொண்டைக்கு நல்லதுன்னு கொஞ்சம் சுக்கும் கருப்பட்டியும் கொண்டாந்திருக்கேன். அந்தப் பிள்ளை எங்க இருக்கு?"