நாய்க்கு வெச்ச பேரு

கல்யாணமாகி வந்து இறங்கின அன்னிக்கே, புகுந்த வீட்டு நாயோட பேரைக் கேட்டதும் நெட்சாய்க்கு முகம் சுண்டிப்போச்சு.

ஞாராரான்னு பேரு. அப்படின்னா எங்க பாஷையில "பேசாம இரு"ன்னு அர்த்தம்.

நாய் பேருதானேன்னு விட்டுட முடியாது. எங்க பக்கத்துல யாரும் நாய்க்கு வெறுமனே பேர் வைக்கிறதில்ல. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததை நாய்க்குப் பேரா வெச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் கேக்கிற மாதிரி கூப்பிடுவாங்க. நெட்சாயோட அப்பாவே அப்படித்தான். வரப்புத் தகராறுல அண்ணன் மேல இருந்த கோவத்துல தன் நாய்க்கு "நீதான் ஓஞ்சு போவே"ன்னு வெச்சார். அண்ணன்காரர் விடுவாரா. அவரும் ஒரு குட்டியைப் புடிச்சிட்டு வந்து "யாருன்னு பாத்துடலாம்"னு வெச்சார். அந்த ரெண்டு நாயும் ஒரே மரத்தடியில ஒண்ணு மேல ஒண்ணு தலை வெச்சுத் தூங்கும். அண்ணன் தம்பிக்குள்ளதான் இன்னிக்கு வரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

இன்னும் சில பேர் இருக்காங்க, இனிமே நான் இப்படித்தான் வாழப்போறேன்னு ஒரு கொள்கையை முடிவு பண்ணி, அதையே நாய்க்கு வெச்சிடுவாங்க. கடைக்கோடி வீட்டு சிகும்பு "பாத்துக்கலாம்"னு வெச்சார். நாயே செத்துப்போச்சு, அவர் வீட்டு அடுப்படிக்கு இன்னும் கூரை ஏறல. அவர் கதையை ஆரம்பிச்சா பொழுது போயிடும், விடுங்க.

நெட்சாயோட மாமியாரை மாய் டபேரா, அதாவது டபேராவோட அம்மான்னுதான் ஊரே கூப்பிடும். டபேரா மூத்த பிள்ளை, பொண்டாட்டியோட வேற ஊர்ல இருக்கான். நெட்சாய் கட்டிக்கிட்டது இளையவன் ஃபராயை. அவனுக்கு முட்டாரே டவுன்ல வேலை. மாசக் கடைசியிலதான் வருவான். வீட்டுல மாமியாரும், பொழுதன்னிக்கும் வயல்லயே கிடக்கிற மாமனாரும்தான்.

மொத நாள் நெட்சாய் கிளறின சாட்ஸா களி கட்டி தட்டிப்போச்சு. மாமியார் ஒரு வாய் போட்டா, கையைக் கழுவினா, வாசலுக்குப் போய் நின்னு "ஞாராரா, ஞாராரா"ன்னு கூப்பிட்டா. நாய் வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தது. அதுக்கு ஒரு வாய் சோறு கூடப் போடல.

இன்னொரு நாள் ஆட்டைக் கட்ட மறந்து, அது கீரைப்பாத்தியை மொட்டையடிச்சிடுச்சு. அன்னிக்கும் வாசல்ல போய் "ஞாராரா"தான். நெட்சாய் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் தொறந்தா, அதுக்கும் "ஞாராரா."

அடி பம்புல தண்ணி புடிக்கப் போனா அங்க இருக்கிறவளுங்க சும்மா விடுவாளுங்களா. உன் கல்யாணம் நிச்சயமான வாரம்தான் உன் மாமியார் அந்த நாயை வாங்கினா, என்ன ராசியோன்னு ஒருத்தி கேக்க, மத்தவளுங்க குடத்துக்குள்ள மூஞ்சியை விட்டுச் சிரிச்சாளுங்க.

ஃபராய் வந்தப்ப சொல்லிப் பாத்தா. நாய் பேருக்கெல்லாமா அழுவாங்கன்னு அவன் சிரிச்சிட்டு பஸ் ஏறிட்டான்.

அதுக்கப்புறம் அவ முடிவு பண்ணிட்டா. அம்மா வீட்டுக்கே போயிடறதுன்னு துணியை எல்லாம் மூட்டை கட்டி, கதவுக்குப் பின்னாடி வெச்சா. போறதுக்கு முன்னாடி அடுப்படியை ஒழுங்கு பண்ணி வெச்சிடலாமேன்னு மூலையில இருந்த பெரிய பானையை நகர்த்தினா பாருங்க, அது கை நழுவிப் போச்சு. மாமியாரோட அம்மா தன் கையால வனைஞ்சு குடுத்த பானை. மாவா நொறுங்கிடுச்சு.

சத்தம் கேட்டு மாய் டபேரா ஓடி வந்தா. பாத்தா. கழுத்து நரம்பு பொடைச்சது, உதடு துடிச்சது. விறுவிறுன்னு வாசலுக்குப் போய் நின்னுக்கிட்டா.

"ஞாராரா. ஞாராரா. ஞாராரா."

நெட்சாய்க்கு அதுக்கு மேல தாங்கல. மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெளியில வந்தா.

"நாய் மாமா பின்னாடி வயலுக்குப் போயிருக்கு அத்தை. இங்க இருக்கிறது நான் ஒருத்திதான். நேராவே சொல்லிடுங்க, போயிடறேன்."

மாமியார் திரும்பி மூட்டையைப் பாத்தா. அவ்வளவுதான், அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா.

"நீயும் மூட்டை கட்டிட்டியா?"

நெட்சாய் மூட்டையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

மாமியார்தான் சொல்ல ஆரம்பிச்சா. பெரியவனோட பொண்டாட்டி பானை கூட உடைக்கலையாம். களி கட்டி தட்டினதுக்கே இவ பேசின பேச்சுல வந்து ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ளயே மூட்டை கட்டிட்டுப் போயிட்டாளாம். பின்னாடியே பிள்ளையும் போயிட்டான். அதுக்கப்புறம் இந்த வாசல்ல அவங்க நிழல் கூட விழல.

"நீ வரப்போறேன்னு தெரிஞ்சதுமே எனக்கு ஒரு கொள்கை வேணும்னு முடிவு பண்ணினேன். கோவம் வந்தா பேசாம இருக்கிறதுதான் அது. ஆனா இந்த வாய்க்கு யாராவது சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் அடங்கும். வாசல்ல நின்னு எனக்கு நானே கத்திக்கிட்டா ஊரு பைத்தியம்னு சொல்லாதா?" கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "அதான் ஒரு நாயை வாங்கினேன்."

 நெட்சாய் மூட்டையைக் கீழ வெச்சிட்டு, அவளும் படியிலேயே உக்காந்துட்டா. அழுகையோட சிரிப்பும் வந்தது அவளுக்கு.

"அப்ப அந்த நாய், அத்தை?"

"அதுவும் உன்னை மாதிரிதான், பாவம். தன்னைத்தான் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு ஓடி வருது."