புழு இல்லாத தூண்டில்

மூன்றாவது நாளும் அவர் புழு மாட்டாமலே தூண்டிலை வீசினார்.

கொக்கி மொட்டையாகத் தண்ணீருக்குள் போனது. தக்கை மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் பவானி ஆற்றின் மேல் மிதந்தது.

நான்கு முழம் தள்ளி தம்பி தனபால் புழுக் கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்திருந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அவனுக்கு நான்கு வருடப் பழக்கம்.

ஆற்றங்கரை வீட்டை வாடகைக்குப் பிடித்தது தங்கை வடிவு. நான்கு நாள் இருக்கலாம், மீன் பிடிக்கலாம், எல்லோரும் வாருங்கள் என்றாள். வந்ததும் ஆளுக்கொரு தூண்டிலைக் கையில் கொடுத்து இருவரையும் ஒரே படித்துறையில் உட்கார வைத்தாள். தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போய்விடுகிறாள். கெட்டிக்காரி.

தூண்டில் போடும் இடத்தில் பேசக்கூடாது, மீன் ஓடிவிடும் என்று வீட்டுக் காவல்காரர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

புழுவைத் தொடுவதென்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு கூசும். ஐம்பத்தாறு வயதில், ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமையாசிரியராக இருந்துகொண்டு, இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாய்க்காலில் தூண்டில் போட்ட காலத்தில் தம்பிதான் மாட்டிக் கொடுப்பான். இப்போதும் கேட்டால் கொடுப்பான்.

கேட்க வேண்டுமே.

அம்மா இறந்தபோது தம்பி மஸ்கட்டில் இருந்தான். விடிவதற்குள் வந்துவிடுகிறேன், அதுவரை வைத்திருங்கள் என்று போனில் அழுதான். மறுநாள் காலை ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. ஊருக்குள் பிணத்தை வைத்துக்கொண்டு காப்புக் கட்ட முடியாது என்று பெரியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

தம்பி வந்தபோது சாம்பல்தான் இருந்தது.

ஒரு ராத்திரி காத்திருக்க முடியவில்லையா என்று அன்றைக்கு அவன் கேட்டதுதான் கடைசிப் பேச்சு.

நாளைக் காலை எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

வெயில் ஏறியது. படிக்கல் சுட ஆரம்பித்தது. அவர் தக்கையையே வெறித்துக்கொண்டிருந்தார். அது நட்டு வைத்த மாதிரி நின்றது.

"அண்ணா, தக்கை முங்குதுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தக்கை அசையவே இல்லை. இவ்வளவு நேரமும் அதையேதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் தம்பி சொல்லிவிட்டானே. வெடுக்கென்று இழுத்தார்.

மொட்டைக் கொக்கி இருவருக்கும் நடுவில் ஆடியது. மீனும் இல்லை, மீன் தின்ற மிச்சமும் இல்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கரைப் பக்கம் பார்த்தார்.

தனபால் தூண்டில் நரம்பை எட்டிப் பிடித்தான். கொட்டாங்குச்சியைக் கிளறி ஒரு புழுவை எடுத்தான். வாய்க்கால் காலத்தில் செய்ததுபோலவே மூன்று மடிப்பாக மாட்டினான். சிரிக்கவில்லை. கொக்கியை மெதுவாக விட்டான்.

பிறகு தன் தூண்டிலை இழுத்துப் பார்த்தான். அவன் புழுவை மீன் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. இன்னொன்றுக்காகக் கொட்டாங்குச்சிக்குள் மறுபடி விரலை விட்டான். ஈர மண்ணில் புழு அவ்வளவு சுலபமாக அகப்படவில்லை.

அவர் தூண்டிலை வீசவில்லை.

மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.