தெருவே காத்திருந்த திருடன்

“மாடியில நீலத் தண்ணித் தொட்டி, பின்னால தகரக் கொட்டகை. உங்க வீடுதானே?”

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ஆமா. நீங்க யாரு?”

“மேலேர்ந்து உங்க தெருவையே பார்த்துக்கிட்டு இருக்கறவன்.” குரல் கரகரத்தது. “சாயங்காலம் எல்லாரும் வீட்லயே இருங்க. நகையெல்லாம் பீரோவிலேயே இருக்கட்டும். எதிர் மேட்டுப் பள்ளிக்கூட மாடிக்கு மட்டும் யாரும் போயிடாதீங்க. அங்கேர்ந்து பார்த்தா தெரு மொத்தமும் தெரியும்.”

போன் வைக்கப்பட்டது. கூடவே பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: மலையடிவாரத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்.

“இவங்களுக்கு வேற வேலையில்லை. தூறல் போட்டாலே ஆரம்பிச்சுடுவாங்க” என்று அதை அழித்தாள்.

தெருவில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். சும்மாவா? திருட்டுக் கும்பல் வரும் சேதி, வாய் மூடுவதற்குள் கடைசி வீடு வரை போய்விட்டது.

“பள்ளிக்கூட மாடியில பதுங்கிப்போம். தெருவுக்குள்ள நுழைஞ்சதும் கையும் களவுமா பிடிச்சிடலாம்!” என்று திட்டம் போட்டாள்.

“அப்பாவை என்ன பண்றது? நடக்க முடியாதே!” என்றான் அவள் கணவன்.

“நாற்காலியோட தூக்குங்க. கழுத்துல கத்தி வெச்சா என்ன பண்ணுவீங்க?”

மழையில் நனைந்தபடி தெருவே மாடியேறியது. கையில் துடைப்பம், கிரிக்கெட் மட்டை, மடியில் நகை மூட்டை.

திருடன் வரவில்லை. மலைதான் வந்தது. பின்பக்கச் சரிவு அப்படியே வழுக்கி இறங்க, கொட்டகையும் தொட்டியும் பாதித் தெருவும் சேற்றுக்குள் போயின. ரேடியோ அக்கா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. மழைக்கோட்டு போட்ட அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்து தலைகளை எண்ணினார். யாரும் குறையவில்லை என்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“திருடன் புண்ணியத்துல பிழைச்சோம் சார். எங்கிருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்” என்று ரேடியோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“செயற்கைக்கோள் படத்துல ஒரு வாரமாவே மலை நகர்ந்துக்கிட்டிருந்தது. இன்னிக்கு இறங்கிடும்னு தெரிஞ்சுபோச்சு.”

அதே கரகரப்பு! துடைப்பம் தானாக உயர்ந்தது. “அடப்பாவி, நீதானா அது? இதை நேராச் சொல்றதுக்கு என்ன கேடு?”

அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

“மலை வருதுன்னு சொன்னப்போ ஒருத்தர்கூட அசையலையேக்கா!”