தேவையானவற்றைத் தேர்ந்தெடுக்கவும்

எது எது வேண்டும் என்று போன் கேட்டது.

அவள் அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுப் போன். பழையது காலையில் தண்ணீர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டிருந்தது.

புதுசு என்று பேர்தான். இரண்டு மாதமாகப் பெட்டி பிரிக்காமல் பீரோவுக்குள் கிடந்தது. அவர் கொண்டு வந்தது. கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், இரண்டு கம்பளி, இந்தப் போன். பத்தொன்பது வருஷ துபாய் போதும், இனிமேல் ஊரோடுதான் என்று வந்து இறங்கியபோது பெட்டிக்குள் இருந்தவை.

திரையில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

வாட்ஸ்அப்.

வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்களா? தினமும் அங்கன்வாடிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும். பத்து நிமிஷம் பிந்தினால் சூப்பர்வைசர் மேடத்திடமிருந்து ஒரு கேள்விக்குறி வரும். வெறும் கேள்விக்குறி. அதற்குப் பதில் எழுதியே பாதி ஆயுசு போயிற்று.

தொட்டாள்.

ஃபேஸ்புக்.

நாத்தனார் குடியிருப்பதே அதில்தான். கோயிலுக்குப் போனால் ஒரு படம், தோசை சுட்டால் ஒரு படம். லைக் போடாவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எல்லாம் தலையெழுத்து. தொட்டாள்.

இன்ஸ்டா.

மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். பிள்ளை இளைத்திருக்கிறதா என்று பார்க்க இது ஒன்றுதான் வழி.

தொட்டாள்.

அடுத்தது இமோ.

விரல் நின்றது.

துபாயில் ஆள் இருக்கும் வீட்டில்தான் அது வேண்டும், காசில்லாமல் பேச. ஆள் இங்கே வந்தாயிற்று. இனி எதற்கு?

அவர் ஹாலில் இருந்தார். டிவி ஓடியது. சத்தத்தை அறவே குறைத்து வைத்திருந்தார். யாருக்கோ தொந்தரவாகிவிடும் என்பது மாதிரி.

இந்தத் துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். சாப்பிட்டதும் தட்டைக் கழுவி, ஒரு ஓரமாகத் தனியே வைக்கிறார்.

சொந்த வீட்டில்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷம் வாய் ஓயாமல் பேசிய மனுஷன். மதியம் இரண்டரைக்கு டாண் என்று போன் அடிக்கும். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். அவள் அங்கன்வாடியின் பின்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கேம்பில் சமைக்கிறவன் ரசத்தில் சர்க்கரை போட்ட கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவள் மேடத்தைத் திட்டுவாள். அவரும் சேர்ந்து திட்டுவார்.

முக்கியமான பேச்சு என்றால் மட்டும், “இரு, வெளிய வர்றேன்” என்பார். ரூமில் எட்டுப் பேர். இரும்புக் கதவு கிறீச்சிடும். பிறகு காற்றின் இரைச்சல். அவளுடைய அப்பா செத்தபோது அவள் அழுதது அந்த இரைச்சலில்தான். பிள்ளை உண்டானதைச் சொன்னதும் அதில்தான்.

அந்த வாய் எங்கே போயிற்று?

அவளைத்தான் என்ன சொல்ல? அவளும் “சோறு வைக்கவா” என்பதைத் தாண்டவில்லை.

நேற்று அவர் கேட்டார்.

“ஏஜென்டு கூப்பிட்டாரு. ஒரு விசா இருக்காம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். போயிட்டு வரவா?”

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாள். நெஞ்சு வரைக்கும் வந்தது. எதிரே அவர் முகம். நரைத்த புருவம், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை. அத்தனை பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

“ஒங்க இஷ்டம்” என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இந்த இரண்டு மாதத்தில் அவர்கள் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு இருபது. சாயங்காலம் வந்துகொண்டிருந்தது.

கட்டத்தைத் தொட்டாள்.

இடமிருந்து வலமாக ஒரு கோடு நிரம்பியது. பழைய பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நடுவில் ஒன்று.

அவுக துபாய்.

பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவரும் இன்னும் அதை அழிக்கவில்லை.

அவள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்து, சத்தமில்லாமல் சாத்தினாள். அது தானாகவே கொக்கி மாட்டிக்கொள்ளும் கதவு. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கல் சுட்டது.

அழைத்தாள்.

வீட்டுக்குள் அந்தப் பழைய மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. பைத்தியக்காரத்தனம், வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

மணி நின்றது.

“சொல்லு அன்னம்,” என்றார் அவர். கடலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பது மாதிரி உரக்க. ஜன்னல் வழியாகவும் கேட்டது. “சாப்டியா?”

அந்தக் குரலேதான். எங்கே வைத்திருந்தார் இத்தனை நாளும்?

“சாப்டேன்.”

“என்ன கொழம்பு?”

“நீங்க தின்னதுதான்.”

அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போகாதீக.”



அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூச்சு மட்டும் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“இரு,” என்றார். “வெளிய வர்றேன்.”

கொல்லைக் கதவின் கொக்கி கழன்றது.